நெருக்கம் அறிவாகுமா?
அமெச்சூர் வானொலிப் பொருத்துத் தொகுதிகள் பற்றி ஒரு மறுப்புரை

ஒரு கருவி எவ்வளவு சிறியதோ அவ்வளவு சிறந்தது என்னும் எண்ணம் இன்று எவராலும் வினவப்படாத உண்மையாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. கைக்கடிகாரத்துக்கும் செவிப்புலன் கருவிக்கும் இது பொருந்தலாம். ஆனால், கற்பதற்கென்றே செய்யப்படும் ஒரு பொருளையும் இதே அளவுகோலால் அளப்பது தகுமா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினாவாகும். அமெச்சூர் வானொலியாளர் தம் கையாலேயே பொருத்திக்கொள்ளும் பொருட்டு விற்கப்படும் பொருத்துத் தொகுதிகள், அதாவது 'கிற்' என யாவரும் வழங்குபவை, அண்மைக் காலத்தில் உள்ளங்கையளவான பலகைகளில் நூற்றுக்கு மேற்பட்ட பாகங்களைத் திணித்து வெளிவருகின்றன. இவை அறிவை வளர்க்கின்றன என்று செய்வோரும் வாங்குவோரும் ஒருமித்துக் கூறுகின்றனர். இக்கூற்று ஆராயாது ஏற்கத்தக்கதன்று. பாகங்களின் நெருக்கம் கற்பவனுக்கு எதிராக எடுக்கப்பட்ட ஒரு தீர்மானம் என்பதே எமது வாதம்.

கலைப்பீடத்து மாணவர் ஒருவருக்கு மின்சுற்றுப் பலகையில் என்ன வேலை என்று கேட்போர் உளர். விஞ்ஞானம் அடுத்த பீடத்தாருக்குரியது, கைவேலை எந்தப் பீடத்தாருக்கும் உரியதன்று என்ற பிரிவினை எமது பல்கலைக்கழக வாழ்வில் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆனால், பொருத்துத் தொகுதியொன்றுடன் வரும் கையேடும் ஒரு நூலே. அதற்கு ஆசிரியன் உளன், வாசகன் உளன், எதை முதலிற் கூறுவது, எதைப் பின்னர் கூறுவது, எதைக் கூறாது விடுவது என்ற தெரிவு உண்டு. அத்தெரிவு யாருடைய நலனை முன்னிட்டுச் செய்யப்படுகிறது என்று வினவும் உரிமை, நூல்களை ஆராயப் பயிலும் எவருக்கும் உண்டு. எனவே இவ்விவாதத்தில் நுழைவதற்கு நாம் எவரிடமும் அனுமதி கோர வேண்டியதில்லை.

அமெச்சூர் வானொலியின் வரலாற்றை நோக்குமிடத்து, இக்கேள்வி ஏன் முக்கியமானது என்பது புலனாகும். 1912 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்ட வானொலிச் சட்டம் அமெச்சூர்களை 200 மீற்றரும் அதற்குக் குறைந்தனவுமான அலைநீளங்களுக்குள் ஒதுக்கியது. தூரத் தொடர்புக்கு உதவாத தரிசு நிலமென அக்காலத்தில் அவை கருதப்பட்டன. அத்தரிசை உழுது பயிரிட்டுக் காட்டியவர்கள் சொந்தக் கையாற் கருவி செய்த அமெச்சூர்களே. 1921 டிசம்பரில், ஸ்கொற்லாந்தின் ஆட்றொசன் என்னுமிடத்தில் கூடாரமடித்துக் காத்திருந்த போல் கொட்லி, அமெரிக்க அமெச்சூர்களின் சமிக்ஞைகளைக் கடலுக்கு இப்பாலிருந்து கேட்டார். 1923 நவம்பரில், பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லெயோன் டெலோயும் அமெரிக்காவிலிருந்த பிரெட் ஷ்னெல், ஜோன் றைனாட்ஸ் ஆகியோரும் ஏறத்தாழ 110 மீற்றர் அலைநீளத்தில் அத்திலாந்திக் கடலைத் தாண்டி ஒருவரோடொருவர் தொடர்புகொண்டனர். அக்காலத்து அமெச்சூர் பலர் தமது சுற்றுக்களைப் பாண் வெட்டும் மரப்பலகையின் மீதே அமைத்தனர். சோதனைப் பலகைக்கு ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் பெயர் அவ்வழி வந்ததே. ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வோர் இணைப்பும் விரலுக்கு எட்டியது. அவிழ்த்து மாற்றி மீண்டும் இணைத்துப் பார்க்கும் வசதியின்றி அவர்களது கண்டுபிடிப்புக்கள் நிகழ்ந்திருக்க முடியாது.

பொருத்துத் தொகுதி ஒரு பெருந்தொழிலாக உருப்பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னராகும். மிச்சிகன் மாநிலத்தின் பென்ரன் ஹாபர் நகரிலிருந்த ஹீத் கம்பனி, போரின் பின் எஞ்சிக்கிடந்த இலத்திரனியற் பாகங்களைக் கொண்டு 1947 இல் அலைவுகாட்டி ஒன்றைத் தொகுதியாக்கி விற்றது. 'ஹீத்கிற்' என்னும் பெயர் அதன் பின்னர் பல தசாப்தங்களாக அமெச்சூர் உலகில் நிலைத்து நின்றது. அக்கம்பனியின் கையேடுகள் இன்றும் போற்றப்படுகின்றன. ஒவ்வொரு படியின் அருகிலும் வேலை முடிந்ததும் அடையாளமிட ஓர் இடம் விடப்பட்டிருந்தது. சுற்று எவ்வாறு இயங்குகிறது என்ற விளக்கம் தனியாகவும், இயங்காவிடின் என்ன செய்ய வேண்டும் என்பது தனியாகவும் தரப்பட்டிருந்தன. வாங்கியவன் தோற்கமாட்டான் என்ற உறுதிமொழியே அவர்களது வியாபாரத்தின் அடிப்படையாயிருந்தது. ஆயினும், 1992 இல் அக்கம்பனி தொகுதி விற்பனையைக் கைவிட்டது. இயந்திரங்களே பாகங்களைப் பலகையிற் பொருத்தும் முறை பரவியபின், தன் உழைப்பைக் கொடுத்துப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்ற பழைய நியாயம் அற்றுப்போயிற்று.

இங்கேதான் நாம் கருத்தூன்றி நோக்க வேண்டிய திருப்பம் நிகழ்கிறது. மலிவு என்ற நியாயம் மறைந்ததும் பொருத்துத் தொகுதிக்கு எஞ்சியது ஒரே நியாயம்தான்: செய்து கற்றல். இன்று ஒருவர் தொகுதி வாங்கினால், அது கற்பதற்காகவே என்று கூறப்படுகிறது. ஆயின், அந்நியாயத்தைக் கூறிக்கொண்டே தொகுதிகள் ஆண்டுக்காண்டு சுருங்கிவருவது ஏன்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2017 இல் இங்கிலாந்தின் கில்வெல் பார்க்கில் நடைபெற்ற இளம் வானொலியாளர் முகாமிற் பொருத்துவதற்கென ஹான்ஸ் சமர்ஸ் என்பார் வடிவமைத்த கியூசிஎக்ஸ் என்னும் செலுத்தி-வாங்கி, மலிவாலும் திறத்தாலும் உலகெங்கும் பரவியது. சீராக்கலுக்கு வேண்டிய சோதனைக் கருவிகளும் அதனுள்ளேயே அமைந்திருந்தன. வசதி குறைந்த இளைஞர்களுக்கு அது ஒரு கொடை என்பதை நாம் மறுக்கவில்லை. 2020 இன் இறுதியில் அதே சுற்று, 95 மில்லிமீற்றர் நீளமும் 63 மில்லிமீற்றர் அகலமும் 25 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட பெட்டிக்குள், பலகைமேற் பலகை அடுக்கிய வடிவில் வெளிவந்தது. பலகையின் மேற்பரப்பில் ஒட்டப்படும் நுண்பாகங்கள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டுவிட, எஞ்சியவை மாத்திரம் வாங்குவோன் கைக்கு விடப்பட்டன. 2023 இல் வந்த கியூஎம்எக்ஸ் அதே பாதையில் மேலும் ஒரு படி சென்றது. தனியொரு வடிவமைப்பாளரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. வாங்குவோர் கேட்டதையே அவர் கொடுத்தார். அவ்வாறு கேட்டவர்களோடும், கேட்டதைக் கல்வி என்று பெயரிட்டு அழைப்பவர்களோடுமே எமக்கு வழக்கு.

நெருக்கமான பலகையிற் பொருத்துவோன் உண்மையில் என்ன செய்கிறான் என்று பார்ப்போம். தடையிகளைப் படுக்கவைக்க இடமின்மையால், ஒரு கம்பியைக் கொண்டையூசிபோல் வளைத்து அவற்றை நிமிர்த்தி நிறுத்துகிறான். கபிலம், கறுப்பு, சிவப்பு எனில் 1000 ஓம். கபிலம், கறுப்பு, செம்மஞ்சள் எனில் 10,000 ஓம். மேசை விளக்கின் மங்கிய ஒளியிற் சிவப்பையும் செம்மஞ்சளையும் பிரித்தறிவதே சிரமம். பக்கத்துப் பாகங்கள் நின்றபின் அந்நிற வளையங்களை வாசிப்பது இயலாத காரியம். கொள்ளளவியின் முகத்தில் 104 என்று பொறித்திருப்பின் அது ஒரு இலட்சம் பிக்கோபரட், அதாவது 0.1 மைக்கிரோபரட். அந்த எண்ணும் அடுத்த பாகத்தின் முதுகுப் பக்கம் திரும்பி மறைந்துவிடும். இரும்புத்தூள் வளையத்தில் எனாமல் பூசிய கம்பியைச் சுற்றித் தூண்டி செய்யும்போது, கம்பி துளையினூடாக ஒருமுறை செல்வதே ஒரு சுற்றாகும். எனாமலைச் சுரண்டாவிடிற் பற்றாசு பிடியாது. கியூசிஎக்ஸ் சுற்றில் அரை அங்குல விட்டமுள்ள ஒரே வளையத்தில் நான்கு தனித்தனிச் சுருள்கள் அமையவேண்டும். எட்டு முனைகள் எட்டுத் துளைகளைத் தேடிச் செல்லவேண்டும். இத்தனைக்கும் மேலாக, அடுத்தடுத்த இரு துளைகளைப் பற்றாசு ஒரு துளியால் இணைத்துவிடாதபடி கோலின் நுனியை நடத்தவேண்டும்.

இவ்வளவும் கடினமானவை என்பது உண்மை. கடினமானவையாதலால் அறிவு தருபவை என்று கொள்வதே தவறு. நெருக்கமான பலகை கற்பவனிடமிருந்து பறிக்கும் முதற்பொருள் ஒழுங்கு. பலகை விசாலமாயிருப்பின், மின்வழங்கற் பகுதியை முதலில் அமைத்து வோல்ற்றளவை அளந்து பார்க்கலாம். பின் அலையத்தை அமைத்து அது அலைகிறதா என்று கேட்கலாம். பின்பு கலப்பி, வடி, விரியலாக்கி எனச் சுற்றின் தர்க்கத்தைப் பின்பற்றி ஒவ்வொன்றாக முன்னேறலாம். நெருக்கத்தில் இது கைகூடாது. உயரமான பாகம் ஒன்று நின்றுவிட்டால் அதன் காலடியிற் குறும்பாகத்தைச் செருக முடியாது. ஆகவே, கையேடு வேறொரு ஒழுங்கைக் கட்டளையிடுகிறது: 0.1 மைக்கிரோபரட் கொள்ளளவிகள் யாவற்றையும் பொருத்துக. அடுத்து 10,000 ஓம் தடையிகள் யாவற்றையும் பொருத்துக. உயரமானவற்றை இறுதியிற் பொருத்துக. ஒரே பெறுமானமுள்ள பாகம் ஓரிடத்தில் வழங்கல் மின்னின் இரைச்சலை நிலத்துக்கு வடித்துவிடுகிறது. இன்னோரிடத்திற் சமிக்ஞையை அடுத்த கட்டத்துக்குக் கடத்துகிறது. பொருத்துவோனுக்கு இரண்டும் ஒன்றே.

இதனை எமது துறைக்குரிய உவமையாற் கூறலாம். திருக்குறளுக்குச் சொல்லடைவு உண்டு. அதில் ஒவ்வொரு சொல்லும் அகரவரிசையில் நிற்கிறது. எந்தச் சொல்லும் விடுபடவில்லை. ஆயினும், சொல்லடைவை முதலிலிருந்து இறுதிவரை படித்த ஒருவன் திருக்குறளைப் படித்தவனாவானா? எல்லாச் சொல்லும் அவன் கண்முன் வந்துபோயின. ஒரு குறளும் வரவில்லை. பாகங்களைப் பெறுமான வரிசையிற் பொருத்தி முடித்தவன் நிலையும் அதுவே. எல்லாப் பாகமும் அவன் கைவழி சென்றன, சுற்று செல்லவில்லை.

நெருக்கம் பறிக்கும் இரண்டாவது பொருள் பிழையினாற் பெறும் பயன். முதல் முயற்சியிலேயே இயங்கும் கருவி செய்தவனுக்கு மகிழ்ச்சியைத் தரும். கல்வியைத் தருவது பெரும்பாலும் இயங்காத கருவியே. எங்கே வோல்ற்றளவு நின்றுபோயிற்று, எந்த இணைப்பிற் பற்றாசு சரியாக ஓடவில்லை, எந்தத் திரான்சிற்றர் திசைமாறி நிற்கிறது என்று பல்மானியைக் கையிற்கொண்டு தேடும்போதே வரைபடத்திலுள்ள கோடுகள் பொருள்பெறுகின்றன. பாகங்கள் மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கும் பலகையில் அளவுமுனை வழுக்கினால் இரு முனைகள் குறுக்கே இணைந்து, இதுவரை பழுதுறாதிருந்த பாகமும் பழுதாகும். தவறான பாகத்தைக் கழற்ற முற்பட்டால், அதனைச் சூழ்ந்து நிற்கும் மூன்று நான்கு பாகங்களையும் கழற்ற நேரும். துளையின் உட்சுவரிற் படிந்த செப்பும் பாகத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். இதற்கு அஞ்சியவன் தேடுவதை நிறுத்துகிறான். பலகை இழுப்பறைக்குள் போகிறது. பிழை செய்தவனைத் தண்டித்து, திருத்த முனைந்தவனையும் தண்டிக்கும் ஒன்றை எவ்வாறு ஆசிரியன் என்று அழைப்பது?

எதிர்த்தரப்பினர் கூறும் நியாயங்களையும் நாம் ஆராயாது விடுதல் முறையன்று. அவை பிரதானமாக நான்கு.

முதலாவது, உயர் மீடிறனிற் கம்பிகள் குறுகியிருத்தல் வேண்டும். ஆகவே நெருக்கம் பௌதிகவியலின் கட்டளை என்பது. இவ்வாதம் கேட்போரை மௌனமாக்கும் வல்லமை உடையது. எண்களை இட்டுப் பார்த்தால் அதன் எல்லை தெரிந்துவிடும். பொதுவழக்கான மதிப்பீட்டின்படி, ஒரு மில்லிமீற்றர் கம்பியின் தூண்டுதிறன் ஏறத்தாழ ஒரு நானோஹென்றி. பத்து மில்லிமீற்றர் கம்பி அமெச்சூர்களின் 7 மெகாஹேர்ட்ஸ் மீடிறனிற் காட்டும் மறிப்பு அரை ஓமினும் குறைவு. 50 ஓம் தடங்கலுக்கு அமைந்த சுற்றில் அது பொருட்படுத்தத்தக்கதன்று. அதே கம்பி 432 மெகாஹேர்ட்ஸில் 27 ஓம் அளவு மறிப்பைக் காட்டும். அங்கே நெருக்கம் அவசியமே. ஆனால், நாம் பேசும் தொகுதிகள் சிற்றலைக்கு உரியவை. 432 மெகாஹேர்ட்ஸின் நியாயத்தை 7 மெகாஹேர்ட்ஸ் கருவிக்குக் கடன்வாங்குவது வாதமன்று, மயக்கு.

இரண்டாவது, மலைமீதும் கடற்கரையிலும் கொண்டுசெல்லத்தக்கதாகக் கருவி சிறிதாயிருக்க வேண்டும் என்பது. கொண்டுசெல்லும் கருவி வேறு, கற்கும் கருவி வேறு என்பதே இதற்கு விடை. அன்றியும், நாம் கோருவது மேசையளவான பலகையை அன்று. மேற்குறித்த பெட்டியின் நீளத்தையும் அகலத்தையும் அரைப்பங்கு கூட்டினால் பரப்பு இரண்டேகால் மடங்காகும். அவ்வாறு விரிந்த பின்னும் அது இவ்விதழின் ஒரு பக்கத்துள் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கத்தையும் சுமக்க இயலாத மலையேற்றம் யாதென எமக்கு விளங்கவில்லை.

மூன்றாவது, நெருக்கம் கையைப் பழக்குகிறது. பொறுமையைக் கற்பிக்கிறது என்பது. கை பழகவேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடில்லை. ஆனால் எமது ஊர்ப் பொற்பட்டறைகளைப் பாருங்கள். அங்கு வேலை பழகவந்த சிறுவனிடம் முதல் நாளிலேயே தாலிக்கொடியைக் கொடுப்பதில்லை. துருத்தி ஊதி, கம்பி இழுத்து, பழைய வெள்ளியில் ஒட்டுவைத்துப் பழகிய பின்னரே பொன் அவன் கைக்கு வரும். நுண்மை கல்வியின் முடிவில் வருவது, வாயிலில் வைக்கப்படுவதன்று. வாயிலில் வைத்தால் அது கற்போரைத் தெரிந்தெடுக்கும் பரீட்சையாகிவிடும். பரீட்சைகளால் வடிகட்டப்பட்டே வளர்ந்த எமக்கு இதன் பொருள் நன்கு தெரியும்.

நான்காவது, அறிய விரும்புவோன் வரைபடத்தைப் படிக்கட்டுமே, யார் தடுத்தார் என்பது. தடுத்தவர் எவருமிலர். ஆயின், வரைபடத்தைத் தனியே படித்து அறிந்துகொள்ளக்கூடியவனுக்குத் தொகுதி எதற்கு? வரைபடத்திலிருந்து பொருளுக்கும் பொருளிலிருந்து வரைபடத்துக்கும் மாறிமாறிச் செல்ல வழிசெய்வதே தொகுதியின் பணி. அந்தப் பாலத்தை இடித்துவிட்டு, நீந்தத் தெரிந்தவன் நீந்தட்டும் என்று சொல்வது கல்விக் கொள்கையாகாது.

மாற்றுவழி இல்லை என்று எவரும் கூற முடியாதபடி சான்றுகள் உள்ளன. கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்தின் பேராசிரியர் டேவிட் றட்லெஜ், நோர்கால் 40ஏ என்னும் 7 மெகாஹேர்ட்ஸ் செலுத்தி-வாங்கித் தொகுதியை மையமாகக் கொண்டே வானொலி இலத்திரனியற் பாடமொன்றை அமைத்தார். 1999 இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் அதனை நூலாக வெளியிட்டது. அதில் மாணவர் வடியை அமைக்கும்போது வடியைப் பற்றிக் கற்கின்றனர், அளக்கின்றனர், பின்னரே அடுத்த கட்டத்துக்குச் செல்கின்றனர். பாடத்தின் ஒழுங்கும் பலகையின் ஒழுங்கும் அங்கு ஒன்றே. அதே ஆண்டில் எலெக்கிறாவ்ற் நிறுவனம் வெளியிட்ட கே2 பெருந்தொகையான பாகங்களைக் கொண்டது. எனினும் பகுதிபகுதியாகப் பொருத்திப் பகுதிபகுதியாகச் சோதிக்கும்படி அதன் கையேடு அமைந்திருந்தது. பாகங்களின் தொகை கல்விக்குத் தடையன்று, அவற்றின் ஒழுங்கின்மையே தடை என்பதற்கு இது தக்க சான்று.

எமக்கு இன்னும் அணுக்கமான உதாரணம் ஹைதராபாத்திலிருந்து கிடைக்கிறது. அஷ்ஹர் பர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்னும் செலுத்தி-வாங்கி, இந்தியச் சந்தையில் இலகுவாகக் கிடைக்கும் பாகங்களையே நம்பி எழுந்தது. தூண்டி சுற்றுவதற்குரிய இறக்குமதி வளையங்கள் கிடைப்பதரிதாகையால், தண்ணீர்க் குழாயில் இடும் வோசரின்மீது கம்பியைச் சுற்றும்படி அவர் கூறினார். ஒரே விரியலாக்கி அமைப்பு ஒலியை வாங்கும்போது ஒரு திசையிலும் செலுத்தும்போது மறுதிசையிலும் இயங்குமாறு அச்சுற்று அமைந்தது. ஓர் அமைப்பை விளங்கிக்கொண்டவன் சுற்றின் பெரும்பகுதியை விளங்கிக்கொண்டவனாவான். வறுமை அங்கே தெளிவைப் பெற்றெடுத்தது. வசதி பெற்றெடுத்த நெருக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பவர் எது முன்னேற்றம் என்று தாமே முடிவு செய்யட்டும்.

இது மேசைமேல் வைத்துக் கழிக்கும் பொழுதைப் பற்றிய சர்ச்சை மாத்திரமன்று. நெருக்கமான பலகை, பார்வை மங்கிய முதியவரை விலக்குகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஊசிமுனைப் பற்றாசுக்கோலும் வாங்க இயலாத மாணவரை விலக்குகிறது. தரையில் விழுந்து தொலைந்த ஒரு நுண்பாகத்துக்குப் பதிலாக இன்னொன்று வேண்டின், கடல் கடந்து தபாலில் வரும்வரை காத்திருக்கவேண்டிய நாட்டிலிருப்பவரை விலக்குகிறது. விலக்கப்பட்டவர் எண்ணிக்கை பெருகப் பெருக, உள்ளே எஞ்சியிருப்போர் தம்மைத் திறமைசாலிகள் என்று கருதிக்கொள்வர். அறிவு ஒரு சிலரின் உடைமையாகும் வழி இதுதான். அதற்குப் பூட்டுத் தேவையில்லை, துளையைச் சிறிதாக்கினாற் போதும்.

எமது நாட்டின் வானொலி வரலாறு பொருத்தும் வேலையிலேயே தொடங்கியது. 1923 இல், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறையொன்றிலிருந்து எட்வேட் ஹாப்பர் நடத்திய பரீட்சார்த்த ஒலிபரப்புக்கு உதவிய செலுத்தி, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களிலிருந்து தந்தி அலுவலகப் பொறியியலாளராற் கட்டப்பட்டது. 1925 டிசம்பர் 16 இல் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஒரு கருவியின் பாகத்தைப் பிரித்தெடுத்து இன்னொன்றாக ஆக்க முடிந்ததனாலேயே இத்தீவுக்கு வானொலி வந்தது.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் உலர்மின்கலமும் இல்லை. எமது முந்திய தலைமுறையினர் துவிச்சக்கரவண்டித் தைனமோவை வானொலியோடு இணைத்து, சில்லைச் சுழற்றிச் செய்தி கேட்டனர். தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் இருவாயி வேண்டும். இதை அறிந்தவர் ஒருவர் ஊரில் இருக்கவேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்தால் எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்று கண்டறியக்கூடிய வானொலியும் இருக்கவேண்டியிருந்தது. இவ்விரண்டில் ஒன்று இல்லாதிருப்பினும் அந்த வீடுகள் செய்தியற்றுக் கிடந்திருக்கும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை தாக்கியபின், அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலை வழியே தொடர்பை ஏற்படுத்தியோர் இலங்கை அமெச்சூர்கள். அதே வேளையில் அந்தமானின் போர்ட் பிளேயரில் வேறு நோக்கத்துக்காகச் சென்றிருந்த இந்திய அமெச்சூர் குழுவினரும் தம் கருவிகளை அவசரத் தொடர்புக்குத் திருப்பினர். இத்தகைய நாட்களிற் பயன்படுவது சட்டைப்பையில் அடங்கும் கருவி மட்டுமன்று. பழுதானால் திறந்து திருத்தத் தெரிந்த மனிதருங்கூட. அம்மனிதரை உருவாக்காத தொகுதி, எவ்வளவு அழகாயிருப்பினும், எமக்கு வேண்டியதன்று.

இறுதியாக மொழி பற்றி ஒரு வார்த்தை. மீடிறன், தடையி, கொள்ளளவி, விரியலாக்கி என்பன எமது பாடசாலைகளில் தமிழிற் கற்பிக்கப்படும் சொற்கள். அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்ட காலத்திலிருந்து, தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க முடியும் என்று நிறுவுவதற்கு அறிஞர் பலர் உழைத்தனர். அவ்வுழைப்பின் விளைவான சொற்கள் பரீட்சை மண்டபத்தின் வாசலைத் தாண்டிப் பட்டறைக்குள் வரவில்லை. மேலே குறிப்பிட்ட தொகுதிகளின் கையேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நெருக்கத்தோடு அந்நிய மொழியும் சேரும்போது, எமது மாணவன் படத்தைப் பார்த்துத் துளையை நிரப்புபவனாக மாத்திரமே மிஞ்சுகிறான்.

ஆகவே கண்டனத்தோடு நில்லாது ஒரு பணியையும் முன்வைக்கிறோம். எமது பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்போர் உளர். பௌதிகவியல் படிப்போர் உளர். பொறியியல் படிப்போரும் உளர். இவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, 7 மெகாஹேர்ட்ஸுக்குரிய எளிய நேர்மாற்று வாங்கி ஒன்றுக்குத் தமிழிற் கையேடு எழுதட்டும். செலுத்திக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். எனவே வாங்கியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். அலையம், கலப்பி, ஒலி விரியலாக்கி என மூன்றே கட்டங்கள். செப்புத்தகட்டின்மீது சிறுதுண்டுகளை ஒட்டி, விரல் நுழையும் இடைவெளியோடு பொருத்தலாம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அளக்கவேண்டிய வோல்ற்றளவும், அது கிடையாவிடின் தேடவேண்டிய இடமும் எழுதப்படட்டும். சொல் தெளிவாக இல்லையேற் பொருத்துவோன் பிழை செய்வான். அப்போது சொல்லை மாற்ற வேண்டியவர் தமிழ் மாணவர். சுற்று தெளிவாக இல்லையேல் மாற்ற வேண்டியவர் பௌதிகவியல் மாணவர். இரு சாராரும் ஒருவரையொருவர் திருத்தும் அத்தகைய வேலை எமது விரிவுரை மண்டபங்களில் அரிதாகவே நடைபெறுகிறது.

பலகை பெரிதாக இருக்கும். நண்பர்கள் அதைக் கண்டு நகைக்கவும் கூடும். இயங்காதபோது ஏன் இயங்கவில்லை என்று அதைச் செய்தவராற் கூற முடிந்தால் அதுவே போதும்.